கடல் கடந்து உழைத்தால் பிள்ளை அந்நியனா?

பிழைப்பை நாடிக் கடல் கடந்து செல்வது நம்மவர்க்குப் புதியதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்து ஊர்களிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, இளைப்பாறியபின் ஊர் திரும்பிய "மலாயாப் பென்சனியர்" பலரைப் பற்றி நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுள் பலர் தாம் அங்கே உழைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் படிப்புக்காக ஊருக்கு அனுப்பிவைத்தனர். வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளை என்பதற்காக அவர்களிடம் இரட்டிப்புக் கட்டணம் கேட்ட பள்ளிக்கூடம் ஒன்றையும் நாம் அறியோம். ஊர்ப் பிள்ளை ஊர்ப் பிள்ளையாகவே எண்ணப்பட்டான்.

இன்று நிலைமை வேறு. நம் குடும்பங்கள் பல இங்கிலாந்திலே குடியேறி, அந்நாட்டுப் பிரசைகளாகியும் விட்டன. அங்கிருந்து மீண்டும் உத்தியோகத்தின் பொருட்டு டுபாய்க்கும் சிங்கப்பூருக்கும், சிலர் கொழும்புக்குமே, சில ஆண்டுகளுக்கென்று செல்கிறார்கள். பிள்ளை பல்கலைக்கழகம் புகும் வயதை அடைந்ததும் இங்கிலாந்துக்கே திரும்ப எண்ணுகிறார்கள். அப்பொழுதுதான், அவர்கள் கனவிலும் கருதாத ஒரு கேள்வி வாசலிலே வந்து நிற்கிறது: "இவர் உள்நாட்டு மாணவரா, வெளிநாட்டு மாணவரா?"

இக்கேள்விக்குரிய விடையைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் நிற்பதும் கரைவதும் அமைகின்றன. ஆகவே இவ்விதிகளைச் சற்று விரிவாக ஆராய்தல் நம் வாசகர்க்கும், சிறப்பாக மாணவர்க்கும், பயன் தரும் என்று கருதுகின்றோம்.

ஒரு கடிதம்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தையார் பொறியியலாளர், தாயார் தாதி. இலண்டனின் புறநகர் ஒன்றிலே பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். மகன் அங்கேயே பிறந்தவன். அவனுக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கும்போது தந்தையாரை அவருடைய நிறுவனம் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் டுபாய்க்கு அனுப்புகிறது. ஒப்பந்தம் இருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இரண்டு ஆண்டு ஆறு ஆண்டாகிறது. மகன் நல்ல பெறுபேறு பெற்று, இங்கிலாந்திலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறான். இடமும் கிடைக்கிறது. ஆனால் வந்த கடிதத்திலே, "தாங்கள் வெளிநாட்டுக் கட்டணத்துக்குரியவர்" என்று ஒரு வரி இருக்கிறது.

"அப்பா, நான் பிறந்த நாட்டிலேயே என்னை வெளிநாட்டான் என்கிறார்களே, ஏன்?" என்று மகன் கேட்கிறான்.

"தம்பி, உன் கடவுச்சீட்டை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லைப் போலும். ஒரு கடிதம் எழுதினால் சரியாகிவிடும்" என்கிறார் தந்தையார்.

தந்தையார் கொண்ட எண்ணமே பெரும்பாலார் கொள்ளும் எண்ணம். அதுவே பெரும் பிழையுமாகும். கடவுச்சீட்டை அவர்கள் சரியாகவே பார்த்தார்கள். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி, "நீ எந்நாட்டுப் பிரசை?" என்பது மாத்திரமன்று. "நீ எங்கே வதிந்தாய்?" என்பதுமாகும்.

வேற்றுமை எவ்வளவு?

இங்கிலாந்திலே உள்நாட்டு மாணவனிடம் முதற்பட்டப் படிப்புக்கு வாங்கக்கூடிய ஆண்டுக் கட்டணத்துக்கு அரசாங்கம் உச்சவரம்பு விதித்துள்ளது. 2025 ஆம் ஆண்டில் தொடங்கிய கல்வியாண்டுக்கு அவ்வரம்பு 9,535 பவுண். வெளிநாட்டு மாணவன் கட்டணத்துக்கோ வரம்பே இல்லை. பல்கலைக்கழகம் தான் விரும்பியதை விதிக்கலாம். பல இடங்களில் அது 20,000 பவுணுக்கு மேற்பட்டது. மருத்துவப் படிப்புக்குச் சில இடங்களில் 40,000 பவுணையும் தாண்டுகிறது.

ஆண்டுக்கு 25,000 பவுண் என்று வைத்துக் கணக்கிடுவோம். மூன்று ஆண்டுக்கு 75,000 பவுண். உள்நாட்டு மாணவனுக்கோ, அதே வரம்பு நீடித்தால், 28,605 பவுண். வேற்றுமை 46,395 பவுண்! இதனினும் மேலாக, தகுதியுள்ள உள்நாட்டு மாணவன் கட்டணத்துக்கு அரசாங்கக் கடன் பெற்று, உத்தியோகம் பெற்றபின் வருமானத்துக்கேற்பத் திருப்பிச் செலுத்தலாம். வெளிநாட்டு மாணவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை; அவன் குடும்பம் கையிலுள்ள பணத்தையே எடுத்து வைத்தல் வேண்டும். ஒரே வகுப்பிலே, ஒரே வாங்கிலே, ஒரே விரிவுரையைக் கேட்கும் இருவர்க்கிடையே உள்ள வேற்றுமை இது.

இவ்வேற்றுமை எப்பொழுது புகுந்தது?

முன்னாளில் இவ்வேற்றுமை இருந்ததில்லை. இலங்கையிலிருந்து சென்று இங்கிலாந்தில் பட்டம் பெற்ற பழைய தலைமுறையினர், அந்நாட்டு மாணவர் கொடுத்த கட்டணத்தையே தாமும் கொடுத்தனர். 1967 ஆம் ஆண்டிலேதான் அரசாங்கம் முதன்முறையாக வெளிநாட்டு மாணவர்க்கெனத் தனிக் கட்டணம் வகுத்தது. உள்நாட்டார்க்கு ஏறத்தாழ 70 பவுணாக இருந்தபோது வெளிநாட்டார்க்கு 250 பவுண் என்றாயிற்று. பின்னர் 1980 ஆம் ஆண்டு முதல், வெளிநாட்டு மாணவன் தன் படிப்புக்காகும் முழுச் செலவையும் தானே ஏற்க வேண்டும் என்ற கொள்கை வந்தது.

இரண்டு கட்டணம் என்று வந்தவுடனே, யார் எந்தப் பக்கம் என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டியதாயிற்று. அவ்வளவுகோலே "வழமையான வதிவு" என்பது.

சட்டம் கேட்பவை

இங்கிலாந்திலே இது பற்றிய ஒழுங்குவிதிகள் 2007 ஆம் ஆண்டு ஆக்கப்பட்டு, அதன்பின் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. அகதிகள், ஐரோப்பிய நாட்டார் முதலியோர்க்கெனத் தனிப் பிரிவுகள் அங்கே உண்டு. நம் கற்பனைக் குடும்பத்தைப் போன்றோர்க்குப் பொருந்தும் பிரிவிலே கேட்கப்படுபவை மூன்று.

முதலாவது, பிரித்தானியாவில் கால வரையறையின்றி வாழும் உரிமை பெற்று, அங்கே வழமையாக வதிபவராய் இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டு தருவது இதன் முற்பாதியை மாத்திரமே. உரிமை இருக்கலாம், வதிவும் வேண்டும்.

இரண்டாவது, படிப்பின் முதல் கல்வியாண்டு தொடங்கும் நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகள் முழுவதும் அங்கே வழமையாக வதிந்திருத்தல் வேண்டும். இந்த "முதல் நாள்" என்பது வகுப்புத் தொடங்கும் நாளன்று. சட்டம் குறித்த நாள். ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையில் தொடங்கும் படிப்புகளுக்கு அது செப்டெம்பர் முதலாந் திகதி. எனவே ஒருவர் 2027 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் படிப்பைத் தொடங்குவாராயின், 2024 செப்டெம்பர் முதலாந் திகதி தொட்டுக் கணக்குப் பார்க்கப்படும்.

மூன்றாவது, அம்மூன்று ஆண்டில் எப்பகுதியிலும் அவர் அங்கே வதிந்ததன் முழு நோக்கமோ முதன்மை நோக்கமோ முழுநேரக் கல்வியாக இருத்தலாகாது. பெற்றார் பலர் இடறுவது இவ்விடத்திலேயே. "பிள்ளையைப் பதினைந்து வயதில் இங்கிலாந்திலே ஒரு விடுதிப் பள்ளியில் விட்டால் மூன்று ஆண்டும் நிரம்பிவிடும்" என்று எண்ணுவோர் உளர். பெற்றார் வேறு நாட்டில் நிலையாக வாழ, பிள்ளை மாத்திரம் படிக்கவே வந்திருப்பின், அம்மூன்று ஆண்டு கணக்கிலே சேராமற் போகலாம். பள்ளிக்கும் பணம் கொடுத்து, பின்னர்ப் பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணம் கொடுக்க நேரும்.

ஐந்து மாணவர் தொடுத்த வழக்கு

"வழமையான வதிவு" என்றால் யாது? ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்கள் இதனை ஆராய்ந்தன. இறுதியில் 1982 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பே இன்றும் வழிகாட்டியாய் விளங்குகிறது. பிற நாடுகளிலிருந்து வந்து இங்கிலாந்திலே படித்த ஐந்து மாணவர் உள்ளூராட்சி மன்றங்களிடம் கல்வி மானியம் கேட்டனர், மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 1981 இல் இதனை ஆராய்ந்து தீர்ப்பளித்தது. வழக்கு அதற்கும் மேலே சென்றது. அவர்களுள் ஒருவர் பெயரால் அது ஷா வழக்கு என்று இன்றும் வழங்கப்படுகிறது.

தீர்ப்புரை எழுதியவர் ஸ்கார்மன் பிரபு. அவர் கருத்தின் சாரம் இது: ஒருவன் தன் விருப்பத்தோடு, ஒரு திட்டமான நோக்கத்துக்காக, தன் அன்றாட வாழ்வின் ஒழுங்கிலே ஒரு பகுதியாக ஓர் இடத்தில் வாழ்ந்தால், அக்காலம் குறுகியதாயினும் நீண்டதாயினும், அவன் அங்கே வழமையாக வதிபவனே. அவனுடைய நிரந்தரமான தாயகம் எது, இறுதியில் எங்கே போய் வாழ எண்ணுகிறான் என்பவை இங்கே ஆராயத்தக்கவையல்ல. கல்வியும் அவ்வாறான ஒரு நோக்கமாகலாம். மேலும், ஒருவன் ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் வழமையாக வதிபவனாயிருத்தலும் கூடும்.

மாணவர் வென்றனர். ஆயினும் அரசாங்கம் அடுத்த ஆண்டே, அஃதாவது 1983 இல், விதிகளைத் திருத்தி, கல்வியின் பொருட்டே வதிந்த காலத்தைத் தள்ளிவிட்டது. நாம் மேலே மூன்றாவதாகக் கூறிய நிபந்தனையின் வரலாறு இதுவே. வென்ற வழக்கின் பயனிலே ஒரு பாதி மறுபடியும் கைவிட்டுப் போயிற்று எனலாம்.

ஷா வழக்கு நம் குடும்பத்துக்கு இருமுனைக் கத்தி போன்றது. அவர்கள் மனம் இலண்டனிலே இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. மனம் எங்கே என்பதைச் சட்டம் பெரிதாகக் கேட்பதில்லை, வாழ்வு எங்கே நடந்தது என்றே கேட்கிறது. ஆறு ஆண்டு டுபாயிலே வீடு, பள்ளி, உத்தியோகம் என்று வாழ்ந்தவர் அங்கே வழமையாக வதிந்தவரே ஆவர்.

உழைக்கப் போனவர்க்குத் திறந்த கதவு

எனினும் சட்டம் இரக்கமற்றதன்று. உத்தியோகத்தின் பொருட்டு நாட்டை விட்டுச் சென்றோர்க்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. மாணவரோ, அவருடைய பெற்றாரோ, கணவன் அல்லது மனைவியோ பிரித்தானியாவுக்கு வெளியே தற்காலிகமாக உத்தியோகம் பார்த்த காரணத்தினாலேயே அவர் அங்கே வதியவில்லை என்று காட்டினால், அக்காலம் முழுவதும் அவர் அங்கே வதிந்தவராகவே கொள்ளப்படுவார். ஒரு நாளேனும் அங்கே இராவிட்டாலும் இருந்தவராகவே எண்ணப்படுவார் என்பது கருத்து.

இதிலே உயிர்நாடியான சொல் "தற்காலிகம்" என்பதே. இத்தனை ஆண்டு வரை தற்காலிகம், அதற்கு மேல் நிரந்தரம் என்று விதிகள் எங்கும் வரையறுக்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் பல்கலைக்கழகம் தனித்தனியே சீர்தூக்கிப் பார்க்கிறது. இடர் தோன்றுவதும் இங்கேதான். வழி பிறப்பதும் இங்கேதான்.

இரண்டு குடும்பங்களை ஒப்பிட்டு நோக்குவோம். ஒன்று நாம் மேலே கண்ட குடும்பம். தந்தையாரை அனுப்பியது அவருடைய பழைய நிறுவனமே. ஒப்பந்தத்திலே முடிவுத் திகதி இருந்தது. இலண்டன் வீட்டை அவர்கள் விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்கள். ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு வந்தார்கள். வங்கிக் கணக்கு, வைத்தியரிடம் பதிவு ஆகியவற்றைப் பேணினார்கள். மற்றைக் குடும்பமோ வீட்டை விற்றது. தந்தையார் இலண்டன் உத்தியோகத்தைத் துறந்து, முடிவுத் திகதி இல்லாத ஒப்பந்தத்திலே வேறொரு நிறுவனத்திற் சேர்ந்தார். சென்ற இடத்திலே வீடும் வாங்கினார். "பிறகு பார்க்கலாம்" என்பதே அவர்கள் எண்ணம்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே கடவுச்சீட்டு உடையவர்களே. ஆனால் முதற் பிள்ளைக்கு நியாயமான வழக்கு உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு அது மிகக் கடினம். முதற் குடும்பத்திடமும், "இரண்டு ஆண்டு என்று போனவர் ஆறு ஆண்டு இருந்தது ஏன்?" என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் குறித்த காலத்துக்கே புதுப்பிக்கப்பட்டது என்றும், நிறுவனம் கேட்டமையாலேயே தங்கினார் என்றும் எழுத்திலே காட்ட முடிந்தால் அதற்கு விடை உண்டு. வாயினாற் சொன்னால் மாத்திரம் போதாது.

"நாங்கள் அந்நாட்டுக்கு இத்தனை ஆண்டு வரி கட்டினோமே" என்பார் சிலர். அவர்தம் மனக்குறை நமக்கு விளங்குகிறது. ஆயினும் வரி கட்டியமை ஒரு துணைச் சான்றேயன்றி அளவுகோலன்று. வளைகுடா நாட்டிலே உத்தியோகத்தோடு விசாவும் முடிந்துவிடும் என்பதும் அவ்வாறான துணைச் சான்றே.

பேணவேண்டிய பத்திரங்கள்

இவற்றையெல்லாம் நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. பிள்ளையின் கட்டணம் அவன் விண்ணப்பம் அனுப்பும் நாளிலே தீர்மானிக்கப்படுவதன்று. தந்தையும் தாயும் பெட்டி கட்டி விமானம் ஏறும் நாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பற்றி அந்நாளில் யார் நினைப்பார்? நினையாமையே பின்னர்த் துன்பமாக முடிகிறது.

ஆகவே, புறப்படும் நாளிலேயே ஒரு கோவையைத் தொடங்குதல் நன்று. நிறுவனம் தந்த ஒப்பந்தம், அதைப் புதுப்பித்த ஒவ்வொரு கடிதம், வீட்டை வாடகைக்கு விட்ட உடன்படிக்கை, ஈட்டுக் கடன் அல்லது வீட்டு வரி செலுத்திய பற்றுச்சீட்டுகள், ஊர் வந்து சென்ற பயணச்சீட்டுகள், பிள்ளை முன்பு படித்த பள்ளியின் கடிதம் ஆகியவற்றை அதிலே சேர்த்து வைக்கலாம். உத்தியோகம் முடிந்தால் திரும்புவோம் என்று அக்காலத்திலேயே நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் ஒன்றிருப்பின், அது பின்னர் எழுதும் பத்துக் கடிதங்களுக்கு மேலானது.

இல்லாததை உண்டென்று காட்டுமாறு நாம் கூறவில்லை. அது தவறு, தெரியவருமாயின் பிள்ளை பெற்ற இடத்துக்கே கேடாய் முடியும். உள்ளதை உள்ளபடி காட்டச் சான்று வேண்டும் என்பதே நாம் கூறுவது. நேர்மையான வழக்கும் பத்திரம் இல்லாமையால் தோற்பதுண்டு.

கடிதம் வந்துவிட்டால்?

வெளிநாட்டு மாணவர் என்று கடிதம் வந்துவிட்டால் மனம் உடைய வேண்டியதில்லை. கட்டண நிலையைத் தீர்மானிப்பது அந்தந்தப் பல்கலைக்கழகமே. விண்ணப்பத்திலே வெளிநாட்டு முகவரியைக் கண்டமாத்திரத்தில் அவ்வாறு குறித்துவிடுவதும் உண்டு. மீளாய்வு கேட்கலாம். அதற்கெனப் பல்கலைக்கழகங்கள் ஒரு வினாப் பத்திரம் வைத்துள்ளன. அதனைப் பொறுமையோடு நிரப்பி, வருடவாரியாக எங்கே இருந்தோம், ஏன் இருந்தோம் என்று எழுதி, சான்றுகளின் பிரதிகளை இணைத்து அனுப்புதல் வேண்டும். மறுத்தால், எக்காரணத்தால் மறுத்தார்கள் என்று எழுத்திலே கேட்டல் வேண்டும். இவை யாவும் இடத்தை உறுதியாக ஏற்றுக்கொள்வதற்கு முன் நடைபெறுதல் நலம்.

ஒரு பல்கலைக்கழகம் கூறிய முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. ஒரே பத்திரங்களைப் பார்த்து ஒன்று ஆம் என்றும் மற்றொன்று அன்று என்றும் கூறுதல் கூடும். அரசாங்க மாணவர் கடனைத் தீர்மானிப்போரும் வேறானவர். பல்கலைக்கழகம் உள்நாட்டார் என்று ஏற்றாலும் கடன் பகுதியினர் தனியே ஆராய்வர். எனவே இரண்டிடத்திலும் ஒரே விவரத்தை, ஒரே திகதிகளோடு கொடுத்தல் அவசியம். சர்வதேச மாணவர் அலுவல்களுக்கான பிரித்தானியக் கவுன்சில் இவ்விதிகளை விளக்கி வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிடுகிறது. அவற்றைப் படித்துத் தம் நிலை எந்தப் பிரிவில் அடங்கும் என்று முன்னரே அறிந்துகொள்ளலாம். ஸ்கொத்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உள்ளமையையும் மறத்தலாகாது.

இன்னும் ஒரு வழியும் உண்டு. "தற்காலிகம்" என்று காட்ட இயலாத குடும்பம், முழுக் குடும்பமாகவே முன்னதாகத் திரும்பிவந்து வாழலாம். பெற்றாரோடு வீட்டில் வாழ்ந்து பள்ளி செல்லும் பிள்ளை, கல்விக்காகவே அந்நாட்டுக்கு வந்தவனாகக் கொள்ளப்படுவது அரிது. மூன்று ஆண்டு நிரம்பப் படிப்பை ஓராண்டு பிற்போட வேண்டுமாயின், அந்த ஓராண்டு வீணன்று. 46,395 பவுணை ஓராண்டிலே சம்பாதிக்கக்கூடிய பதினெட்டு வயதுப் பிள்ளை யார் உளர்? ஆனால் படிப்பைத் தொடங்கியபின் எத்தனை ஆண்டு அங்கே இருந்தாலும் அந்த முதல் நாட் கணக்கு மாறாது என்பதை நினைவிற் கொள்க.

நமக்கும் இது தெரியாததன்று

எங்கே படித்தாய், எங்கே இருந்தாய் என்ற கேள்வி நம் நாட்டுப் பெற்றார்க்கும் புதியதன்று. எழுபதுகளில் மாவட்ட அடிப்படை புகுந்த காலந்தொட்டு, பல்கலைக்கழக வாயிலிலே மாணவனின் புள்ளியோடு அவனுடைய மாவட்டமும் எண்ணப்படுவதை இங்கே யாவரும் அறிவர். பொது நிதியாற் கொடுக்கும் கல்விக்கு உரியவர் யார் என்று ஓர் அரசாங்கம் வரையறுப்பது இயல்பே. அவ்வரையறை சிலருக்குக் கசக்கும் என்பதும் இயல்பே.

ஆனால் அந்த மகன் கேட்ட கேள்விக்கு ஒரு விடை சொல்லியாக வேண்டும் அல்லவா? "நான் பிறந்த நாட்டிலேயே என்னை வெளிநாட்டான் என்கிறார்களே?" என்று கேட்டானே! தம்பி, அவர்கள் நீ யார் என்று கூறவில்லை. நீ எங்கே வாழ்ந்தாய் என்றே கூறுகிறார்கள். உன் தந்தை உனக்காகவே உழைக்கப் போனார். திரும்பும் எண்ணத்தோடேயே போனார். அந்த எண்ணம் அவர் நெஞ்சிலே மாத்திரம் இருந்தால் யாருக்குத் தெரியும்? பத்திரத்திலும் இருந்திருந்தால் உன் கேள்வியே எழுந்திராது.

பிழைப்பை நாடிக் கடல் கடக்க நினைக்கும் பெற்றாரே! போகும் நாளை நாட்காட்டியிலே குறிக்கும்போது, திரும்பும் நாளையும் ஒரு பத்திரத்திலே குறித்து வையுங்கள். உங்கள் பிள்ளை ஒருநாள் அப்பத்திரத்தைக் கையிலேந்திக்கொண்டு பல்கலைக்கழக வாயிலிலே நிமிர்ந்து நிற்பான்.